ஆர்மோனிய நாக்குக்கு வைத்த சந்தனம்

நான் சம்பளத்துக்கு இரும்பைத் தட்டினவன். அடிக்கிறவன் இல்லை, தட்டுகிறவன். கோலாலம்பூர் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றதும் நீளக் காம்பு போட்ட சின்னச் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு, வண்டியின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் ஒவ்வொரு சக்கரத்தையும் ஒரு தட்டு தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டபடியே நடக்க வேண்டும். நல்ல சக்கரம் 'டிங்' என்று சொல்லிவிட்டு அந்த ஓசையைக் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டிருக்கும். விரிசல் விட்ட சக்கரம் 'டொக்' என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் வேலை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொள்வார்கள். துரைமார் ஒரு பைத்தியத்தையும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்களே என்று ஒருவர் என் காதில் விழும்படியாகவே சொன்னார். அவர் உட்கார்ந்திருந்த பெட்டியின் சக்கரத்தை அன்றைக்கு இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டிப் பார்த்தேன். சக்கரம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

பள்ளிக்கூடப் பக்கம் நான் ஒதுங்கினதுகூட இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வரிசை வீட்டுக்கு எதிரே குடியிருந்த ஆசிரியர் ஒருவர் பிற்காலத்தில் எனக்கு ஓசையைப் பற்றி விளக்கினார். ஓசை என்பது நடுக்கம். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஒரு பொருள் நடுங்குகிறது, அதைக் காற்று வாங்கிக் காதில் கொண்டுபோய்ப் போடுகிறது. வேகமாக நடுங்கினால் மேல் சுரம், மெதுவாக நடுங்கினால் கீழ்ச் சுரம் என்றார். நான் ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டுக்கொண்டேன். தெரியும் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். எப்படித் தெரியும் என்று சொன்னால் மானம் போகும். இப்போது அந்த ஆசிரியரும் இல்லை, அந்த மானத்துக்கும் வயதாகிவிட்டது. ஆகையால் சொல்கிறேன், எழுதத் தெரிந்த ஒருவர் எழுதிக்கொள்கிறார்.

என் அக்காவின் புருஷனை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் ஒரு பாயிலர் பட்டறையில் இருந்தார். ஈயச் சுரங்கங்களுக்கும் கித்தா என்கிற ரப்பர் ஆலைகளுக்கும் பாயிலர் செய்து, பழுதும் பார்த்துக் கொடுக்கிற இடம். இரண்டு இரும்புத் தகட்டைச் சேர்ப்பதற்குச் சிவக்கக் காய்ச்சிய ஆணியை ஓட்டைக்குள் விட்டு வெளியிலிருந்து இரண்டு பேர் சம்மட்டியால் அடிப்பார்கள். அடிக்கிற அடிக்கு ஆணி உள்ளே விழுந்துவிடாமல் பாயிலருக்குள்ளேயே ஒருவர் குந்திக்கொண்டு, கனமான இரும்புக் கட்டி ஒன்றை ஆணித்தலையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த உள்ளே குந்துகிறவர் மாமா. ஒரு பெரிய மணிக்குள் மனிதனை உட்கார வைத்து நாள் முழுக்க வெளியிலிருந்து அடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. பாயிலரின் வாய் சின்னது. பட்டறையில் அதற்குள் நுழையக்கூடிய உடம்பு அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. ஒல்லியாக இருந்தது ஒன்றுதான் அவர் செய்த குற்றம்.

அதே மனிதர் சனிக்கிழமை சாயங்காலம் குளித்து, விபூதி பூசி, பஜனையில் ஆர்மோனியத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் வேறு ஆள். நாகப்பட்டினத்தில் இளவயதில் ஒரு நாடகக் கொட்டகையில் எடுபிடியாக இருந்து, ஆர்மோனியக்காரர் சாப்பிடப் போகும் நேரத்தில் திருட்டுத்தனமாகப் பழகின வித்தை. கப்பலேறும்போது அந்த ஆர்மோனியப் பெட்டியையும் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அதை எப்படிச் சம்பாதித்தார் என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அக்காவுக்கு ஒரு பயம் இருந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. சாதாரணப் பேச்சையே சண்டைக்கு நிற்கிறவர் மாதிரிக் கத்திப் பேசுகிறார். காதுக்குள் சில்வண்டு கத்துகிறது என்கிறார். பட்டறையில் இருக்கிற எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள், அது பட்டறைப் பழக்கம் என்று நான் அவளுக்குச் சமாதானம் சொல்வேன். அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். இன்னும் இரண்டு வருஷம் அந்த இரும்புக்குள் குந்தினால் பெட்டி வாசிக்கிற மனுஷன் மிஞ்ச மாட்டார் என்பாள். மாமாவும் உள்ளுக்குள் அதையே நினைத்திருக்க வேண்டும். பாயிலரை விட்டு வெளியே வர ஒரு வழி கிடைத்தால் போதும் என்று மூன்று பேருமே காத்திருந்தோம்.

வழி பக்கத்துத் துறைமுக ஊரான கிள்ளானிலிருந்து வந்தது. ஊரிலிருந்து கப்பலில் வந்த ஒரு நாடகக் கம்பெனி அங்கே தகரக் கொட்டகை போட்டு ஆடிக்கொண்டிருந்தது. அவர்களுடைய ஆர்மோனியக்காரருக்கு விஷக் காய்ச்சல் வந்து, பிழைத்தால் போதும் என்று கப்பலேறிப் போய்விட்டார். போகும்போது தன் பெட்டியையும் கொண்டுபோய்விட்டார். ஆகவே பெட்டியோடு வருகிற ஆள் வேண்டும் என்று கம்பெனியின் தலைவர் சொல்லி அனுப்பியிருந்தார். எல்லோரும் அவரை வாத்தியார் என்பார்கள். புதிதாக எதையும் தொடங்குகிற நாள் விஜயதசமி அல்லவா, அன்றைக்குக் காலையில் வந்து வாசித்துக் காட்டச் சொன்னார்.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. அந்த நாளில் பிழைப்புக் கொடுக்கிற கருவியையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் பரப்பிவிடுவோம். அன்றைக்கு அவற்றுக்கு ஓய்வு. மறுநாள் பூஜை முடிகிறவரைக்கும் தொடக் கூடாது. ரயில்வே யார்டில் என்ஜினுக்கே பட்டை போட்டுப் பொட்டு வைப்பார்கள். வெள்ளைக்கார துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பூசணிக்காய் உடைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். என் சுத்தியலுக்கும் வருஷா வருஷம் பொட்டு உண்டு. கழுவினால் போய்விடும், சுத்தியலுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

மாமா ஆர்மோனியத்தை என்னிடம் கொடுத்து, நன்றாகத் துடைத்துப் பூஜையில் வை என்றார். அவர் பட்டறைப் பூஜைக்குப் போய்விட்டார். நான் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு. வெளிப்பலகைக்குப் பொட்டு வைத்தால் அது மரத்துக்கு வைத்த பொட்டு. மரமா பாடுகிறது? உள்ளே இருக்கிற பித்தளை நாக்குகள் அல்லவா பாடுகின்றன? நாளைக்கு ஒரு மனிதருடைய வாழ்க்கையையே அந்த நாக்குகள்தான் தூக்கி நிறுத்தப் போகின்றன. அவற்றுக்கு ஒரு பொட்டு இல்லையா? திருகாணிகளைக் கழற்றிப் பலகையைத் தூக்கினேன். விரலால் அமுக்குகிற ஒவ்வொரு கட்டைக்கும் ஜோடியாக இரண்டு நாக்கு. இடது பக்கம் விரல் நீளத்துக்கு இருக்கிறது, வலது பக்கம் போகப் போகக் குறுகி, கடைசியில் அரிசி மணி மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு பக்கம் ஆணி அடித்து, மறு நுனி சும்மா தொங்குகிறது. துருத்திக் காற்று வந்தால் அந்த நுனிதான் துடிக்கும்.

நுனி நுனியாகச் சந்தனம் வைத்தேன். அதன்மேல் குங்குமம். காய்ந்து உதிர்ந்து விழுந்தால் அபசகுனமாகப் போய்விடுமே என்று பக்கத்து வீட்டில் இருந்த ஆபீஸ் குமாஸ்தா கிராணியிடம் கோந்து வாங்கிச் சந்தனத்தில் குழைத்திருந்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. பலகையை மூடி, மாலை போட்டு, சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டேன். அந்த வேலையில் எனக்கு இருந்த திருப்தி இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. மறுநாள்வரை பெட்டியை யாரும் தொடவில்லை. தொடக் கூடாதே.

விஜயதசமியன்று விடியுமுன் பூஜையை முடித்து, முதல் ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். மாமா வேட்டி சட்டைமேல் கோட்டுப் போட்டிருந்தார். கோட்டு கிராணியுடையது. பெட்டியை என் மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டேன்.

கொட்டகைக்குள் வாத்தியார் பாயில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில் தையற்காரர் ராஜா உடுப்புக்கு ஜரிகை தைத்துக்கொண்டிருந்தார். மாமா கும்பிட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்து, கண்ணை மூடி ஆரம்பித்தார். இடது கைப் பக்கம், கீழ்ச் சுரங்கள். ஒரு குறையும் இல்லை. வாத்தியார் முகம் தெளிந்தது. நீளமான நாக்குக்கு ஒரு பொட்டு ஒரு பாரமா? எருமை முதுகில் காக்கை உட்கார்ந்த மாதிரி. மாமா அப்படியே மேலே ஏறினார்.  குட்டி நாக்குகளுக்கு ஏறக்குறைய அதே அளவு பொட்டு, தலையில் அம்மிக்கல்லை ஏற்றின மாதிரி. வேகமாக நடுங்க வேண்டியவை பாரம் தாங்காமல் மெதுவாக நடுங்கின. சுரம் தாழ்ந்துபோயிற்று. அதுவும் எல்லாம் ஒரே அளவாகத் தாழ்ந்தாலாவது பரவாயில்லை. நான் பொட்டை ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக வைத்திருந்தேன். ஜோடி நாக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், ஒவ்வொரு கட்டைக்குள்ளேயும் புருஷன் பெண்டாட்டி சண்டை நடந்தது. 'வாவ், வாவ்' என்று ஊளை.

தையற்காரர் ஊசியை நிறுத்தினார். வாத்தியார் மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். மாமா ஒருவர்தான் கண்ணை மூடி, லேசாகச் சிரித்தபடி, தலையை ஆட்டி வாசித்துக்கொண்டிருந்தார். விரல்களில் ஒரு பிசகு இல்லை. மனுஷர் அவ்வளவு நன்றாக வாசித்து நான் பார்த்ததில்லை. கேட்கத்தான் முடியவில்லை.

வாத்தியார் எழுந்து, மெதுவாக நடந்து மாமாவின் முதுகுப் பக்கம் போய் நின்றார்.

"போதும் தம்பி. நிறுத்திக்குங்க."

மாமா வாசித்தார்.

"பெட்டியில ஏதோ கோளாறு. நிறுத்துங்க."

மாமா அடுத்த கீர்த்தனைக்குப் போய்விட்டார். நான் தோளைத் தொட்ட பிறகுதான் கண்ணைத் திறந்து, "எப்படி வாத்தியாரே?" என்று கொட்டகையின் தகரம் அதிரும்படி கேட்டார். வாத்தியார் அவரைப் பார்த்துக் கை கூப்பினார். என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"பெட்டி கெட்டுப்போகும்ப்பா. மரமும் பித்தளையும்தானே. அதுக்காக நான் ஒருத்தரை வேணாம்னு சொல்ல மாட்டேன்" என்றார். "காது இருக்கிறவன் முதல் அபசுரத்துலயே கையை எடுத்திருப்பான். இவரு ரசிச்சு வாசிக்கிறாரு. இவருக்குக் காது போயிருச்சு. பாடுறவன் ஒரு சுருதி ஏத்துனா, பின்னாடியே போறதுக்கு இவருக்கு எது இருக்கு? உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

 சக்கரத்தில் மயிரிழை விரிசல் விழுந்தால் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அக்கா வாய்விட்டுச் சொன்ன பிறகும், அது பட்டறைப் பழக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்புகிற ரயிலில் மாமா கேட்டார், என்ன சொன்னார் என்று. முழு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. என் பங்கு உண்மையை மட்டும் சொன்னேன். சந்தனம் வைத்ததை, கோந்து போட்டுக் குழைத்ததை, நுனியில் வைத்ததை. அதை ரகசியமாகச் சொல்ல வழியில்லை. ரயில் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டுமானால் கத்த வேண்டும். ஆகையால் நான் கத்தின பாவமன்னிப்பு அந்த ரயில் பெட்டியில் இருந்த முப்பது பேர் காதிலும் விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர், "சாமிக்குச் செஞ்சதுதானே அண்ணே, நல்லதுதான் நடக்கும் லா" என்று ஆறுதல் சொன்னார். மாமா என்னைத் திட்டவில்லை. பத்து ரப்பர் தோட்டம் தாண்டுகிறவரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் பலகையைத் திறந்தார். உள்ளே வரிசையாக நாக்குகள் கல்யாணப் பெண்கள் மாதிரி பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதச் சொல்லப் போவதில்லை. மாமா பலகையை மறுபடி பொருத்தி, வலது பக்கம் ஒரு கட்டையை அமுக்கினார்.

"இது எப்படி இருக்கு?"

"தப்பு மாமா."

"இது?"

"அதுவும் தப்பு."

இப்படியே ஒவ்வொன்றாக, காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக்கொண்டு அமுக்கினார். ஒவ்வொன்றுக்கும் நான் தப்பு என்றேன். கடைசிக் கட்டையில் விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார். துருத்திக் காற்று தீர்ந்து ஓசை தானாக நின்றது. நின்றதுகூட அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

"எனக்கு எல்லாம் சரியாத்தான் கேட்டுச்சு மாப்ளே" என்றார்.

பிறகு அவரே விளங்கிக்கொண்டு சொன்னார். விரல் கட்டையை அமுக்கினதும் மனசு அந்தச் சுரத்தைப் போட்டுக்கொண்டதாம். பஜனையில் இத்தனை நாள் கேட்டது பெட்டியை இல்லை, ஞாபகத்தை. நான் சந்தனம் வைக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் தேறியிருப்பார். விரல் அவ்வளவு சுத்தம். யாருக்கும் தெரிந்திருக்காது, அவருக்கே தெரிந்திருக்காது. அப்புறம் முதல் நாள் ஆட்டத்தில் ராஜா ஒரு சுருதியிலும் பெட்டி ஒரு சுருதியிலும் போய், கிள்ளான் ஜனங்கள் சோடாப் புட்டியை எறிந்திருப்பார்கள். என் மடத்தனம் அவரை அதிலிருந்து காப்பாற்றியது என்று சொல்லிக்கொள்ளலாம். நான் சொல்லிக்கொண்டதில்லை.

அக்கா அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, நாளையிலிருந்து பட்டறைக்குப் போக வேண்டாம் என்றாள். போகவில்லை என்றார். அவ்வளவு சுலபமாக முடிந்தது. ஆர்மோனியம் காப்பாற்றும் என்று காத்திருந்தோம். ஆர்மோனியம் கைவிட்ட பிறகுதான் அவர் பாயிலரை விட்டார். சோற்றுக்கு என் சுத்தியல் ஒன்றுதான் மிச்சம்.

பெட்டியையாவது சரி செய்து பஜனைக்குக் கொடுத்துவிடலாம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம். சந்தனத்தைத் தண்ணீர்த் துணியால் துடைத்தால் கோந்து போகவில்லை. கிராணி நல்ல கோந்தாகப் பார்த்துக் கொடுத்திருந்தார். நான் கத்தி முனையால் சுரண்டினேன். கோந்தோடு கொஞ்சம் பித்தளையும் வந்துவிட்டது. இப்போது அந்த நாக்கு இருக்க வேண்டிய சுரத்துக்கும் மேலே போய்க் கத்தியது. நுனி லேசாகிவிட்டால் நடுக்கம் வேகமாகிவிடுகிறது. அதைக் கீழே இறக்க என்ன செய்வது? மறுபடி சந்தனமா? மாமாதான் அந்த நாக்கை வாங்கி, ஆணி அடித்திருக்கிற அடிப்பக்கத்தில் லேசாக அரத்தால் இழுத்தார். அடி மெலிந்தால் நாக்கின் விறைப்புத் தளர்ந்துவிடும், ஆட்டம் மெதுவாகும். சுரம் இறங்கி வந்து உட்கார்ந்தது. நுனியைச் சுரண்டினால் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். எதிர் வீட்டு ஆசிரியர் எனக்குப் பின்னாளில் விளக்கினாரே, அது இவ்வளவுதான்.

ஜோடி நாக்குகளைப் பொருத்துகிற இடத்தில்தான் ஒன்று நடந்தது. நான் காதால் கேட்டு, இன்னும் ஊளையிடுகிறது என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் மாமா, "துடிக்குது" என்றார். அவர் இடது உள்ளங்கை பெட்டியின் பக்கப் பலகைமேல் இருந்தது. இரண்டு நாக்கும் கொஞ்சம் முன்னே பின்னே நடுங்கினால், ஒரு சமயம் சேர்ந்து தள்ளும், ஒரு சமயம் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். அதுதான் அந்த 'வாவ், வாவ்'. காதுக்கு ஊளை, கைக்குத் துடிப்பு. அரத்தால் ஒரு இழுப்பு. துடிப்பு மெதுவானது. இன்னொரு இழுப்பு. "நின்னுருச்சு" என்றார். நானும் அப்போதுதான் கேட்டேன், இரண்டும் ஒரே நாக்காகிவிட்டன. எந்தச் சுரம் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு என் காது, ஜோடியைச் சேர்ப்பதற்கு அவர் கை. இப்படியே அந்த வாரம் முழுக்க என் வேலை முடிந்த பிறகு வெளிச்சம் இருக்கிறவரை உட்கார்ந்து முடித்தோம்.

வாத்தியாருக்குப் பினாங்கிலிருந்து வேறொருவர் கிடைத்திருந்தார். அவருடைய பெட்டிக்குள் கிள்ளான் ஈரமும் உப்புக் காற்றும் நுழைந்து நாக்கெல்லாம் பச்சை பூத்துவிட்டது. பெட்டியைச் சரி செய்கிறவர் யார் என்று வாத்தியார் விசாரித்திருக்கிறார். பஜனைக்காரர்கள் எங்கள் வீட்டைக் காட்டிவிட்டார்கள். வாசலில் பெட்டியோடு வந்து நின்ற வாத்தியார் மாமாவைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பாயில் உட்கார்ந்து, மாமா பலகையில் கை வைத்து அரத்தை இழுப்பதை வெற்றிலை மெல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாமாவின் முன்னால் போய், முகம் தெரியும்படி நின்றுகொண்டு சொன்னார்:

"அன்னைக்கு நான் சொன்னது சொன்னதுதான் தம்பி. மேடைக்கு நீங்க ஆக மாட்டீங்க. ஆனா என் கம்பெனிப் பெட்டியை இனிமே வேற எவன் கையிலயும் குடுக்க மாட்டேன்."

அன்றைக்கு மாமா சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். அதன் பிறகு அவர் எந்த மேடையிலும், எந்தப் பஜனையிலும் வாசித்ததில்லை. சரி செய்த பெட்டியில்கூட ஒரு முழுப் பாட்டு வாசித்துப் பார்க்க மாட்டார். ஒவ்வொரு சுரமாக அமுக்கி, கை வைத்துப் பார்த்து, மூடிக் கொடுத்துவிடுவார்.

ஊர் அவருக்கு வேறு பெயர் கொடுத்தது. காது கேட்காத மனிதர் சுருதி சேர்க்கிறார் என்றால் அது சாதாரண விஷயமா? சரஸ்வதி கையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். ஈப்போவிலிருந்து ஒருவர் பெட்டியோடு ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்து, பழத்தை மாமாவின் காலடியில் வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க மாமா" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த என்னை ஒருவரும் கவனிக்கவில்லை. கவனிக்காமல் இருந்ததும் நல்லதுதான். கவனித்திருந்தால் கதையின் ஆரம்பத்தையும் கேட்டிருப்பார்கள்.

கஷ்டமெல்லாம் அக்காவுக்கு. அவர் பாயிலருக்குள்ளிருந்து வெளியே வந்துவிட்டார், வீட்டிலேயே இருக்கிறார், அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் நடந்தது. ஆனால் பித்தளையை அரத்தால் இழுக்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று தெரியுமா? பல் கூசும். அதைக் காலையிலிருந்து இருட்டுகிற வரைக்கும் அவர் ஆனந்தமாகச் செய்வார், அவருக்குத்தான் கேட்காதே. இன்னும் இரண்டு வருஷம் இப்படியே போனால் எனக்கும் காது போய்விடும் என்று அக்கா என்னிடம் முறையிட்டாள். மாமாவிடமும் சொல்லிப் பார்த்தாள். அவர் அவள் உதட்டையே பார்த்து, புரிந்த மாதிரித் தலையாட்டி, அரத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். அங்கே வெளிச்சம் நன்றாக இருந்தது. அக்கா இலவம்பஞ்சைத் திரித்துக் காதில் அடைத்துக்கொண்டு மீன் ஆய ஆரம்பித்தாள்.